வெளிநாட்டில் கடல் ஆராய்ச்சிக் களப்பணிக்குப் போனால் ஒரு நாள் எப்படிப் போகும்? தினமும் டைவிங்தானா?

டைவிங் உண்டு, ஆனால் நாளில் அதற்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் இருந்ததை வைத்துச் சொல்கிறேன். கிளாட்ஸ்டன் ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரிய பவளத்திட்டின் தென்பகுதியில் உள்ள குட்டிப் பவளத்தீவு அது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது.

அங்கே கடிகாரத்தைவிட ஓத அட்டவணைதான், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்தான் முக்கியம். நீர் வற்றும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும், அதனால் இன்று காலை எட்டு மணிக்குச் செய்த வேலையை அடுத்த வாரம் உச்சி வெயிலில் செய்ய வேண்டி வரும். முழங்கால் தண்ணீரில், மணல் தெரிகிற இடமாகப் பார்த்துக் கால் வைத்து நடந்து போய், அளவு டேப்பை விரித்து, பிவிசி குழாய்ச் சட்டத்தை வைத்து, அதற்குள் உயிருள்ள பவளம் எவ்வளவு, பாசி எவ்வளவு, வெளிறியது எவ்வளவு என்று பென்சிலால் பலகையில் குறிக்க வேண்டும். கூம்புச் சங்கு கண்ணில் பட்டால் தயவுசெய்து எடுக்காதீர்கள், சில வகைகளின் விஷம் ஆளையே கொன்றுவிடும்.

அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் எப்பாலெட் சுறாவைப் பார்த்தேன். ஒரு மீட்டர்கூட இருக்காது, துடுப்புகளை ஊன்றி, உடம்பை நெளித்து, பவளத்துக்கு இடையே நிஜமாகவே நடந்து போகிறது! இரவில் நீர் வற்றி ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். அதைப் பார்த்ததிலிருந்து அந்தத் திட்டின் மீது எனக்குத் தனி மரியாதை.

கரைக்கு வந்ததும் உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசி, சிலிண்டர் நிரப்பி, போன ஆழத்தையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சமையலும் நாமேதான், மளிகையைக் கரையிலிருந்தே கொண்டுபோக வேண்டும். அப்புறம் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றைய தரவை அன்றிரவே கணினியில் ஏற்றிவிடுங்கள். ஈரக் கையால் கிறுக்கியது 3-ஆ 8-ஆ என்பது அன்று நினைவிருக்கும், மறுநாள் இருக்காது.

தூக்கம்? கோடைக்காலத்தில் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் மண் வளைகளில் கூடு வைத்து, இரவெல்லாம் கைக்குழந்தை அழுவதுபோல் ஓலமிடும். காதடைப்பான் கட்டாயம்.

காற்று பலமாக வீசினால் படகு கிளம்பாது, அதற்கென உபரி நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து டைவ் செய்தால், கடைசி டைவுக்குப் பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஆகவே திட்டம் போடும்போதே கடைசி நாளை டைவிங் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.