காவல் சரி, வீடு எங்கே?

கேள்வி: காலில் மின்னணுப் பட்டை கட்டி, குற்றவாளிகளை வீட்டிலேயே காவலில் வைக்கச் சட்டம் வரப்போகிறதாமே! பட்டையை வெட்டி எறிந்துவிட்டு ஓடினால் என்ன செய்வார்கள்?
– வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: வெட்டலாம். ஆனால், பட்டைக்குள் ஓடும் இழை அறுந்தவுடன் கண்காணிப்பு மையத்துக்கு எச்சரிக்கை போய்விடும். பிறகு துரத்துவது காவல்துறையின் வேலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜாக் லவ் என்ற நீதிபதி, ஸ்பைடர்மேன் சித்திரத் தொடரில் கதாநாயகனின் கையில் வில்லன் மாட்டிவிட்ட கருவியைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்து, 1983இல் அதைச் செயல்படுத்தினார். சித்திரக்கதை படிக்கும் பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

நம் மலேசியாவிலும் பட்டை புதிதன்று. பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்திலேயே, ஜாமீனில் வருகிற பெண்கள், 18 வயதுக்குட்பட்டோர், நோயாளிகள் ஆகியோருக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்த இடமுண்டு. சில குற்றங்களுக்குச் சிறைக்கு மாற்றாக வீட்டுக் காவல் என்பதே, 2024 அக்டோபரில் பிரதமர் தமது பட்ஜெட் உரையில் அறிவித்த புதிய செய்தி.

என்னை நிறுத்தியது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ‘வீட்டிலேயே’ என்பதுதான். யாருடைய வீட்டில், ஐயா? தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் வரிசையாகக் கட்டித் தரும் லயன் வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் முதலாளி தரும் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்ததே தவிர, அந்த வீட்டைத் தொழிலாளியின் பெயருக்கு எழுதித் தரவில்லை. ரப்பர்ப் பால்மரம் எண்ணெய்ச் செம்பனையாகி, செம்பனை தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) மாறியபோது, மூன்று தலைமுறை குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது காலி செய்யச் சொல்லும் கடிதம். இதையே எழுதுவதால் ‘ஆசிரியருக்கு வேறு பாட்டே தெரியாது’ என்று சங்கத் தலைவர் ஒருவர் மேடையில் சொன்னார். அவர் குடியிருப்பது மூன்று மாடி வீட்டில். அவருக்குப் பட்டை கட்டினால் மாடிக்கு மாடி உலாவலாம்.

காவலில் கிடந்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்தச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தில், லயன்களை முள்வேலிக்குள் ஒன்றுதிரட்டி, இருட்டியதும் வாசலை அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிபிஎஸ் பட்டையை அன்றாடம் சார்ஜ் செய்ய வேண்டும். அணிந்தவர் இருக்கும் இடம் கைப்பேசி அலைவரிசை வழியாகவே மையத்துக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டுமே லைன் கிடைக்கிற தோட்டத்தில், ஒருவர் தாம் வீட்டில்தான் இருக்கிறார் என்று நிரூபிக்க வீட்டைவிட்டு வெளியேறி அந்த மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறிய குற்றத்துக்காக அதிகாரி தேடி வருவார். பிடித்த தகவலைச் சொல்ல லைன் கிடைக்காமல் அவரும் அதே மேட்டுக்கு ஏறுவார். இருவரும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி, ஒருவர் தம் நேர்மையையும் மற்றவர் தம் கடமையையும் நிரூபித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு வீட்டுக் காவல் பிடித்தமானதுதான். சிறிய குற்றத்துக்குச் சிறை சென்ற இளைஞன் வெளியே வரும்போது பெரிய குற்றம் கற்றுக்கொண்டு வருகிறான். ஆனால், சட்டம் எழுதுகிறவர்கள் ஒன்றைத் தெளிவாக்கட்டும்: தண்டனை பாதியில் இருக்கையில் நிர்வாகம் லயனைக் காலி செய்யச் சொன்னால், உறவினர் வீட்டு முகவரியை ஏற்பார்களா, இல்லை, சொந்த வீடில்லாத காரணத்துக்காக அவரை மீண்டும் சிறைக்கே அனுப்புவார்களா?