கேள்வி – பதில்: பிரின்சிபே தீவின் சின்ன ஆந்தை

? மேற்கு ஆப்பிரிக்காவையொட்டிய பிரின்சிபே தீவின் பரப்பே 139 சதுர கிலோமீட்டர். அங்கே ஓர் ஆந்தை 2022 வரை அறிவியலுக்குத் தெரியாமலா இருந்தது?

அறிவியலுக்குத்தான் தெரியவில்லை, தீவுக்காரர்களுக்குத் தெரியும். உள்ளூர் பேச்சில் இந்தப் பறவை 1928-லிருந்தே வருகிறது. முன்பு கிளி பிடித்து வந்த, 'பிகெகிலா' என்று அழைக்கப்படும் உள்ளூர்க்காரர் சொன்ன தகவல்கள்தான் தேடலுக்கு வழிகாட்டின. ஆய்வாளர்கள் 2016-ல் ஆந்தையை உறுதி செய்தார்கள். 2022-ல் புதிய இனமாக அறிவித்தபோது, பிகெகிலாவின் பெயரிலேயே பறவையின் அறிவியல் பெயர் 'ஓட்டஸ் பிகெகிலா' ஆனது, நியாயம்தானே! தீவின் தெற்கில், ஆள் குடியிருப்பில்லாத பழங்காட்டில் சுமார் 15 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் வாழ்கிறது. இரவில் அங்கே போக வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

? 'ஓட்டஸ்' வகைச் சின்ன ஆந்தைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனி இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இறகு நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். இதே இனத்தில் செம்பழுப்பும் உண்டு, சாம்பல் கலந்த பழுப்பும் உண்டு. உருவம், மரபணு, குரல் மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்தார்கள். குரல் எளிய அடையாளம்: 'டூ... டூ...' என்று நொடிக்கு ஏறக்குறைய ஒன்று, குட்டையாக, ஒரே சுருதியில். இருட்டியதுமே தொடங்கிவிடும், பெரும்பாலும் ஜோடியாகக் கூவும்.

? காட்டில் கேட்டு அடையாளம் காண ஏதாவது வழி?

முதல் தவறு, பூச்சி என்று நினைத்து விட்டுவிடுவது. குரல் அப்படித்தான் இருக்கும். விளக்கை அணைத்து, ஓரிடத்தில் நின்று 10 நொடிக்கு எண்ணுங்கள். ஏறத்தாழ பத்து வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது தவறு கணக்கில் வரும். ஜோடி மாறி மாறிக் கூவும்போது ஒரே பறவை வேகமாகக் கூவுவதுபோலத் தோன்றும். உள்ளங்கைகளைக் காதுக்குப் பின்னால் குவித்து மெல்லத் திரும்பினால் இரண்டு திசைகள் பிரிந்துவிடும். ஒலிப்பதிவை எம்பி3-யில் சுருக்காமல் 'வேவ்' கோப்பாக வையுங்கள். நேரத்தையும் இடத்தையும் பதிவின் முடிவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு அழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று பதறி, இரை தேடுவதை விட்டுவிட்டு விரட்ட வரும்.

? இப்போது எத்தனை இருக்கின்றன? ஆபத்து உண்டா?

மதிப்பீடு 1,000 முதல் 1,500 வரை. இருக்கும் இடத்தில் நெருக்கமாகவே வாழ்கின்றன. ஆனால் அத்தனையும் அந்த ஒரே துண்டுக் காட்டில். அதனால்தான் 'மிக அருகிய இனம்' என வகைப்படுத்த, புதிய இனமாக அறிவித்த ஆய்வாளர்களே பரிந்துரைத்தார்கள். காடு முழுக்க ஓபோ இயற்கைப் பூங்காவுக்குள் இருப்பது நல்லது. ஆனாலும் அதன் ஒரு பகுதியில் சிறு நீர்மின் அணை கட்டும் யோசனை இருந்தது. பரப்பு இவ்வளவு சின்னதாக இருக்கையில் சிறிய அணையும் சிறியதல்ல.