அப்பாவின் கிட்னி கல்லுக்குக் கஷாயம் கேட்ட தம்பிக்கு

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் கல், நெருஞ்சில் கஷாயம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும் தம்பி, பயப்படாதீர்கள். ஆனால் முதலில் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். அது ஏறியிருந்தால் நெருஞ்சில், வாழைத்தண்டுச் சாறு, இளநீர் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இளநீரிலும் வாழைத்தண்டிலும் இருக்கும் பொட்டாசியம் பழுதான சிறுநீரகத்தில் தங்கி இதயத்தைப் பாதிக்கும்.

கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தால் பார்லியே போதும். ஒரு கைப்பிடியைக் கழுவி, அரை ஸ்பூன் சீரகத்தோடு ஒரு லிட்டர் தண்ணீரில் போடுங்கள். மணி நசுங்கும் வரை கொதிக்கட்டும். தெளிவாக வடித்து, ஆறியதும் எலுமிச்சை பிழியுங்கள். அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கும். உப்பு, சர்க்கரை வேண்டாம்.

இது கல்லைக் கரைக்காது. வெயிலில் உழைப்பவர், வியர்வையிலேயே தண்ணீர் போய்விடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்கு வெறும் தண்ணீரும் குடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், குளிர்காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ வந்தால் கஷாயத்தை விட்டுவிட்டு உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.