இரவுப் பணியாளர் கண்டது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

40 முதியவர்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றை நிர்வகிக்கிறேன். பணியாளர்களில் பலர் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். மனநலம் குறித்து ஆண்டுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்துகிறோம். சான்றிதழ் வாங்கிய மறுநாளே பழையபடி அதட்டல்தான். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

பணியாளர்களின் படிப்பு இதற்குத் தடையல்ல. என் பெரியம்மா ஓர் இல்லத்தில் இருந்தபோது, ஒரு நாள் இரவு போர்வையை ஓயாமல் பிய்த்துக்கொண்டு, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகச் சொல்லியிருக்கிறார். "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் பேசிட்டு இருந்தாங்க" என்று இரவுப் பணியில் இருந்த பெண் காலையில் தெரிவித்தபோது, வயதானால் அப்படித்தான் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகே சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. மறதிநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றுவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றி, ஏறியும் இறங்கியும் வரும் குழப்பம் வேறு. மருத்துவர்கள் டெலிரியம் என்று சொல்லும் அந்நிலைக்குத் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். உடனே பார்த்தாக வேண்டும். அந்தப் பெண் கண்டது சரி. அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை.

ஆகவே பயிற்சியைப் பணி மாறும் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். தினமும் 10 நிமிடம், யாரிடம் என்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். செவிலியர் அதைக் குறித்துக்கொண்டு, என்ன செய்தார் என்பதை மறுநாள் சொன்னவரிடமே தெரிவிக்கட்டும். தூக்கம் கெட்டு, தட்டில் பாதியை மிச்சம் வைத்து, கைகால் குடைச்சல் என்று மட்டுமே சொல்லும் முதியவருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்பதும் அப்படித்தான் பிடிபடும்.

அதட்டலுக்கு வருகிறேன். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு அந்தி சாயும்போது பதற்றம் கூடும். அதே இல்லத்தில் ஒரு பாட்டி தினமும் மாலை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, "கறவைக்கு நேரமாச்சு" என்பார். "மாடு வித்து எத்தனையோ வருஷமாச்சு, போய் உக்காருங்க" என்று இழுத்த பணியாளரின் கையைக் கடித்துவிட்டார். இன்னொருவர், "எந்த மாடு பாட்டி, எவ்வளவு கறக்கும்?" என்று கேட்டபடி கூடவே நடந்தார், முற்றத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் செவலைப் பசுவின் கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் பாட்டி காப்பி குடிக்க உட்கார்ந்தார். வகுப்பில் படம் போட்டு இதைக் கற்றுத்தர முடியாது. அப்படிப்பட்டவரோடு புதியவர் ஒருவரைப் பதினைந்து நாள் கூடவே நிறுத்துங்கள். அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டத்தையொட்டிய விதிகள், முதியோர் இல்ல உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும், அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்து பழக வேண்டும் என்றும் சொல்கின்றன.

கடைசியாக, பணியாளர்களின் மனம். ஒரு பணியாளர் மூன்றாண்டு குளிப்பாட்டிச் சோறூட்டிய முதியவர் இறந்த அன்றே, அதே கட்டிலில் அடுத்தவருக்கு விரிப்பு விரிப்பவரும் அந்தப் பணியாளர்தான். அன்றைக்கு அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரை இறுதிச் சடங்குக்கு அனுப்பிவையுங்கள். அரசின் கட்டணமில்லாத மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐப் பணி அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள், தமிழிலேயே பேசலாம்.