வலிக்காத காலாணிக்கு பிளாஸ்திரி ஒட்டலாமா?

கேள்வி: வயது 58. சர்க்கரை நோய் வந்து 14 வருடமாகிறது. வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஆணி விழுந்து தடித்திருக்கிறது. வலி இல்லை. கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி போதுமா?

பதில்: ஒட்டாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் அரித்துவிடும். உணர்ச்சியுள்ள காலில் எரிந்தால் உடனே பிய்த்துப் போடுவோம். சர்க்கரை நோயால் நரம்பு பாதித்து மரத்த காலில் புண்ணான பிறகுதான் தெரியும். நீங்களே பிளேடால் சீவுவதும் கூடாது.

'வலி இல்லை' என்கிறீர்களே, கவலை தருவது அதுதான். நடக்கும்போது ஓர் இடத்தில் அழுத்தம் அதிகமாக விழுந்தால் அங்கே தோல் தடிக்கும். தடித்த தோல், செருப்புக்குள் சிக்கிய கல்லைப் போல அடியிலுள்ள சதையை நசுக்கும். மேலே கெட்டியாக இருக்கும்போதே கீழே புண் குழிந்திருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஆணிக்குள் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

புள்ளி இல்லாவிட்டாலும் பாதத்தைக் காட்டியாக வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் (மோனோஃபிலமென்ட்) தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். ரத்த ஓட்டத்தை அறிய, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் கால்விரலின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு தடிப்பைச் சீவி எடுப்பார்கள். செருப்பு மாறாவிட்டால் ஆணி திரும்ப வளரும். புதியதைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருக்கட்டும். போடுமுன் தினமும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

வெந்நீரில் காலை ஊறவைக்காதீர்கள். வறண்ட குதிகாலுக்கு மாய்ஸ்சரைசர் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம்.

புண் வந்துவிட்டால் சுத்தமான நீரில் கழுவி, காஸ் துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் 24 மணி நேரத்துக்குள் காட்டுங்கள். காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அன்றே போங்கள். பாத எலும்புகள் நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும்.