சேவ் பண்ணப் போனால் அடுத்தவர் ஃபைல் பெயர் வருகிறது

கேள்வி: சின்ன ஊரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 11 கம்ப்யூட்டர். 'சேவ் ஆஸ்' பெட்டியில் முதல் எழுத்தைத் தட்டியதுமே அதே எழுத்தில் தொடங்கும் பழைய ஃபைல் பெயர்கள் வரிசையாக இறங்குகின்றன. போன வாரம் ஒரு பெண்ணின் விவாகரத்து மனுவின் பெயர், பக்கத்தில் நின்ற அவர் தெருக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. இதை நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு, இன்றைக்கே செய்துவிடுங்கள். உங்களை நம்பி மனு அடிக்க வந்தவரின் குடும்ப விஷயம் அது.

செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', 'ஸ்டார்ட்' போய், சமீபத்தில் திறந்தவற்றைக் காட்டுவதை ஆஃப் செய்யச் சொல்லிப் பலரும் சொல்வார்கள். செய்யுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவிலும் ஃபைல் எக்ஸ்புளோரரிலும் வரும் பட்டியல்தான் அதில் போகும். நீங்கள் சொல்வது 'ஆட்டோ சஜஸ்ட்', திறந்திருக்கும் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைப் பார்த்தும் அது பெயரை எடுத்துக் கொடுக்கும்.

அதை நிறுத்தும் இடம் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். ஸ்டார்ட் மெனுவில் 'ரெஜிஸ்ட்ரி எடிட்டர்' என்று தேடித் திறந்து, முதலில் 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்' மூலம் ஒரு நகல் எடுத்து வையுங்கள், இதைத் தாண்டிப் போக வேண்டாம். அப்புறம் கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்புளோரர், ஆட்டோகம்ப்ளீட் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போங்கள். கடைசி ஃபோல்டர் இல்லையென்றால் 'நியூ', 'கீ' கொடுத்து அந்தப் பெயரில், ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல், உருவாக்கலாம். அதற்குள் 'ஸ்ட்ரிங் வேல்யூ' ஒன்று சேர்த்து, ஆங்கிலத்தில் 'ஆட்டோசஜஸ்ட்' என்று இடைவெளி விடாமல் பெயரிட்டு, மதிப்பாக 'நோ' என்று அதையும் ஆங்கிலத்திலேயே அடியுங்கள். சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள். எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையிலும் 'ரன்' பெட்டியிலும் வரும் பரிந்துரையும் இதோடு நின்றுவிடும், கடை வேலைக்கு அது பெரிய இழப்பில்லை.

பெயர் வெளியே தெரிவது மட்டுமல்ல, இன்னொரு ஆபத்தும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. அவசரத்தில் பழைய பெயரைத் தேர்ந்துவிட்டு, மாற்றி எழுதவா என்று கேட்கும்போது பழக்கத்தில் 'யெஸ்' அழுத்தினால் பழைய மனு போயிற்று, ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

சரி, பரிந்துரை நின்றது. ஆனால் சேவ் பெட்டியின் நடுவில் அந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் வரிசையாகத் தெரியுமே? அதை இந்த ரெஜிஸ்ட்ரி மாற்றம் மறைக்காது. எல்லாவற்றையும் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரிலேயே கொட்டாமல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள், ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் ஆள் பெயரோ விஷயமோ வைக்காமல் பில் நம்பரை வையுங்கள். வாடிக்கையாளர்களே உட்கார்ந்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் அவர்களுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் கொடுங்கள். சமீபத்திய ஃபைல் பட்டியலை விண்டோஸ் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனித்தனியாகத்தான் வைக்கிறது.

வேர்டு வைத்திருக்கும் பட்டியல் வேறு. 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய், 'டிஸ்ப்ளே' பகுதியில் காட்டவேண்டிய ரீசன்ட் டாக்குமெண்ட்ஸ் எண்ணிக்கையை 0 ஆக்கிவிடுங்கள்.