மக்கும் பை எங்கே மக்கும்?

கேள்வி: பேரங்காடியில் வழக்கமான குப்பைப் பைகளுக்கு அருகிலேயே ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பச்சைச் சுருள் ஒன்று விற்கிறது. விலை ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளைகளை எண்ணி ஓராண்டாக அதைத்தான் வாங்குகிறேன். இது வீண் செலவு என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? (யீஷூன் வாசகி)

பதில்: உங்கள் எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சிங்கப்பூரைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதே சரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குப்பைக் குழாயில் நீங்கள் போடும் பை எரியாலைக்குப் போகிறது. அங்கே எரிந்து மின்சாரம் தருகிறது. மிஞ்சும் சாம்பல் படகில் ஏற்றப்பட்டுப் புலாவ் செமக்காவ் நிலநிரப்பைச் சென்றடைகிறது. 1999ல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. இந்தப் பயணம் முழுவதிலும் உங்கள் பை மண்ணைத் தொடுவதே இல்லை. தொடாத மண்ணில் அது எப்படி மக்கும்?

மண்ணிலேயே புதைத்தாலும் எளிதில் மக்கிவிடாது. இத்தகைய பைகளிலும் கிண்ணங்களிலும் பரவலாகச் சேர்க்கப்படும் பாலிலாக்டிக் அமிலம் சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யப்படுகிறது. முதலில் நீரும் வெப்பமும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டாக்க வேண்டும். அதன் பிறகே நுண்ணுயிரிகளால் அதை உண்ண முடியும். அதற்கு ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பத்தைப் பல வாரங்கள் விடாமல் காக்கும் தொழிற்கூட எருக்குவியல் தேவை. ‘இஎன் 13432’ என்ற ஐரோப்பியத் தரநிலை, அப்படிப்பட்ட சூழலில் ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்று கேட்கிறது. உறையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மாடி நடைபாதையில் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியிலும் அதே வேகத்தில் மக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

‘ஆக்சோ’ என்ற சொல் உறையில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அது சாதாரணப் பாலிஎத்திலீன்தான். உலோக உப்பு சேர்த்திருப்பதால் விரைவில் நொறுங்கித் துகளாகும். துகளாவது வேறு, மக்குவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

செடியிலிருந்து வந்த கரியே எரிந்து காற்றுக்குத் திரும்புகிறது, ஆகவே அந்த அளவுக்கு நன்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பயிரிடவும், நொதிக்க வைக்கவும், கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவரவும் ஆகும் எரிசக்தி அந்த நன்மையில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஒரு பொருளுக்குப் பதிலாக அதே வகையான இன்னொன்றை வாங்குவது சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று கொள்ள முடியாது என்பதைத் தேசியச் சுற்றுப்புற அமைப்பும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

துணிப்பை வாங்குவதற்கும் இதே கணக்குதான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகவை 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஒரு முறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பைக்குப் புவி வெப்பமாதல் கணக்கில் ஈடாக, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிறகு குப்பை கட்டவும் பயன்படுத்தினால், பருத்திப் பை 327 முறை உழைக்க வேண்டும். நெய்யாத பாலிபுரோப்பிலீன் பைக்கு அந்த எண்கள் முறையே 11, 26. எனவே விழாக்களில் இலவசமாகக் கிடைத்து அலமாரியில் குவிந்திருக்கும் பைகளைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் இருக்கிறது. எப்போதாவது அதைக் கொடுத்து வாங்க நேர்ந்தால், அந்தப் பையிலேயே குப்பையைக் கட்டுங்கள். ரொட்டி உறையும் அரிசிப் பையும் அதற்கு உதவும். குப்பைப் பை வாங்கியே ஆக வேண்டுமென்றால், தொட்டிக்கு அளவான, மெல்லிய, சாதாரணப் பையே போதும்.

கேள்வி: வீட்டிலிருந்து சமைத்து விற்கிறேன். கரும்புச் சக்கைப் பெட்டியும் சோளத்தில் செய்த கிண்ணமும் வாங்கினால், உண்டபின் மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். நீலத் தொட்டியில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு, உணவும் எண்ணெயும் பட்டோ வேண்டாத பொருள் கலந்தோ மறுபயனீட்டுக்கு ஆகாமல் போகிறது. குழம்பு ஊறிய சக்கைப் பெட்டி தான் கெடுவதோடு பக்கத்திலிருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும்.

ஒளி ஊடுருவும் சோளக் கிண்ணம் செய்யும் கேடு வேறு வகை. பார்வைக்கு அது தண்ணீர்ப் போத்தல் செய்யப்படும் ‘பெட்’ பிளாஸ்டிக்கைப் போலவே இருக்கும். தொட்டி நீரில் மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்துப் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது ஒரு வழக்கமான முறை. பாலிபுரோப்பிலீன் மிதந்துவிடும். ஆனால் நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், சோளக் கிண்ணத்தின் பாலிலாக்டிக் அமிலத்தின் அடர்த்தி 1.24, பெட்டின் அடர்த்தி 1.38, இரண்டும் நீரைவிடக் கனமானவை என்பதால் சேர்ந்தே மூழ்கும். பின்னர் பெட் துகளை உலர்த்தும் சூட்டில் இது உருகி ஒட்டிக் கட்டியாகிறது. நல்லெண்ணத்தோடு போட்ட கிண்ணம் நல்ல போத்தல்களைப் பாழாக்குவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

உங்கள் தொழிலுக்கும் அது பொருந்தாது. பாலிலாக்டிக் அமிலத்தின் சாதாரண வகை 60 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். கொதிக்கும் சாம்பாரை அதில் ஊற்ற முடியாது. முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட கனமான பாலிபுரோப்பிலீன் பெட்டி 160 பாகை அளவில்தான் உருகும். ஒரே பொருளால் ஆனது, கழுவிப் பலமுறை பயன்படுத்தலாம். மஞ்சள் கறை போகாது, ஆனால் கறையால் பெட்டி கெட்டுவிடவில்லை. அந்த முக்கோண எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. மறுபயனீடு செய்யப்படும் என்ற உறுதியை அது தருவதில்லை. பெட்டியைத் திருப்பித் தருபவருக்கு அடுத்த முறை விலையில் சிறிது குறைத்துக் கொடுங்கள். எவர்சில்வர் தூக்கோடு வருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுங்கள்.

கேள்வி: பழைய போத்தல்களில் செய்த ஓட்டச் சட்டை நல்லதா?

பதில்: சட்டை தேவையென்றால் வாங்கலாம், போத்தலைக் காப்பாற்றுவதற்காக வாங்க வேண்டாம். போத்தல் மீண்டும் போத்தலாகலாம். ஆனால் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த சட்டையிலிருந்து இழையை மீட்டெடுப்பது மிகவும் கடினம். எனவே சட்டையானதோடு அந்தப் பொருளின் சுற்று பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல், உலோகக் கலன் பானங்களுக்கு 10 காசு வைப்புத்தொகை பெறும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாக அறிவிக்கப்பட்டது. அதன் பெரிய பயன், போத்தல்கள் உணவுக் கழிவோடு கலக்காமல் தனியாக வந்து சேர்வதுதான். வைப்புத்தொகைக் குறி உள்ள போத்தலை நீலத் தொட்டியில் போடாமல் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியக் கலனுக்கு இது இன்னும் பொருந்தும்: தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால், உருக்கி மீண்டும் செய்ய ஏறத்தாழ 95 விழுக்காடு எரிசக்தி மிச்சமாகிறது.

கேள்வி: 14 ஆண்டு உழைத்த குளிர்பதனப் பெட்டியை மாற்றுகிறோம். பழையதை எடுத்துச் செல்லத் தனிக் கட்டணம் வேண்டும் என்கிறது ஒரு கடை. கொடுக்க வேண்டுமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: வேண்டியதில்லை. 2021 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவுச் சட்டப்படி, புதிய பெட்டியை வீட்டில் கொண்டுவந்து தரும் விற்பனையாளர், அதே வகைப் பழைய பெட்டி ஒன்றை நீங்கள் கேட்டால் இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே இதை விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

தெரியாத ஆளிடம் பழைய பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் ‘ஆர்-134ஏ’ என்ற குளிரூட்டு வாயு இருக்கும். அழுத்தியை (கம்பிரசரை) மட்டும் அறுத்தெடுத்துச் செம்பை விற்பவர் கையில் அது அப்படியே காற்றில் கலந்துவிடும். எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அது புவியைச் சூடாக்கும். புதிதாக வாங்கும் பெட்டியின் பின்புறத் தகட்டில் புவியை மிகக் குறைவாகச் சூடாக்கும் ‘ஆர்-600ஏ’ வாயுவின் பெயர் இருக்கிறதா, எரிசக்திச் சிட்டையில் எத்தனை சரிக்குறிகள் (கூடினால் மின்சிக்கனம் கூடும்) இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது அந்தச் சிட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவை 10 ஆல் பெருக்கி விலையோடு கூட்டிப் பாருங்கள். கடையில் மலிவாகத் தோன்றியதே பல நேரம் கூடுதல் செலவாக வரும்.